கையும் கைப்பிடியும்

இத்திங்கள் இப்பகுதியை ஒரே ஒரு மடலுக்கு ஒதுக்கிவிட்டோம். எழுதியவர் ஓர் ஆசிரியரின் துணைவியார். கணவர் போளூரில் குடியிருந்துகொண்டு, ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றுக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் சென்று வருகிறார். போக ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்; வர அதே நாற்பது. பேருந்து உண்டு, ஆயினும் பள்ளி மணியடிக்கும் நேரத்துக்கும் பேருந்து வரும் நேரத்துக்கும் பொருத்தம் இல்லை.

"ஆறு மாதமாக அவர் கை மரத்துப்போகிறது. நடு இரவில் கையை உதறிக்கொண்டு எழுந்து உட்காருகிறார். காலையில் சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். மாறுதல் கேட்டு எழுதிவிடலாமா என்கிறார். அந்தப் பள்ளியில் இருப்பதே இரண்டு ஆசிரியர்கள்தாம். நான் வந்துவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் என்று அவரே கேட்டுக்கொண்டு படுக்கிறார். வண்டியின் ஹேண்டில்பாரை மாற்றினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்லி, ஒருமுறை மாற்றியும் பார்த்தாயிற்று. அது வேறு விதமாக முடிந்தது. இனி என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்."

'வேறு விதமாக முடிந்தது' என்ற சொற்றொடர் நம்மை உறங்கவிடவில்லை. தை பிறந்தபின் ஒரு சனிக்கிழமை போளூர் சென்றோம்.

முதலில் அந்த 'வேறு வித'த்தைச் சொல்லிவிடுகிறோம். கை வலிக்கிறது என்றதும், ஹேண்டில்பார் தாழ்வாக இருப்பதுதான் காரணம் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஊர்ப் பட்டறை ஒன்றில் இரும்புத் துண்டுகளை வைத்துப் பற்றவைத்து, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக ஹேண்டில்பாரை உயர்த்திக் கொடுத்துவிட்டார்கள். சமவெளியில் நான்கு நாள் ஓட்டிப்பார்த்தார், நிமிர்ந்து உட்கார முடிந்தது, மகிழ்ச்சி. ஐந்தாம் நாள் மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு மலையேறினார். கொண்டையூசி வளைவு ஒன்றில் ஹேண்டில்பாரை முழுவதும் இடப்புறம் திருப்பியபோது, கை திருகாமலே என்ஜின் சீறிக்கொண்டு பாய்ந்தது. கிளட்சைப் பிடித்தார், அதுவும் முழுமையாக விடுபடவில்லை. மலைப்பக்கத்து மண்மேட்டில் முட்டி வண்டி சாய்ந்தது. பள்ளத்தாக்குப் பக்கம் சாய்ந்திருந்தால் இம்மடல் நமக்கு வந்திராது. அம்மையாருக்கு முழங்கால் சிராய்ப்பு. அவருக்கு ஒன்றும் இல்லை. அன்றே பழைய ஹேண்டில்பாரை மாட்டிக்கொண்டார். கையோ முன்போலவே மரத்துப்போய்க்கொண்டிருந்தது.

என்ஜின் தானாகச் சீறியதில் மாயம் ஒன்றும் இல்லை. ஆக்சிலேட்டர் கேபிள் என்பது ஓர் உறைக்குள் ஓடும் கம்பி. ஹேண்டில்பாரை உயர்த்தினால் கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள தொலைவு கூடுகிறது. கேபிளின் நீளமோ பழைய நீளமே. நேர்ச்சாலையில் அது எப்படியோ தாக்குப்பிடிக்கும். முழுவதும் திருப்பும்போது உறை இழுபடுகிறது. உறை இழுபட்டாலும் உள்ளே இருக்கும் கம்பி இழுபட்டாலும் என்ஜினுக்கு ஒன்றுதான். கிளட்ச் கேபிளும் அவ்வாறே விறைத்துப்போனதால் சரியாக வேலை செய்யவில்லை. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாயின், எண்ணெய் செல்லும் குழாயும் இழுபடும். அது இன்னும் கொடிது. சமவெளியில் ஹேண்டில்பாரை முழுவதும் திருப்பும் தேவை நமக்கு வண்டியை நிறுத்துமிடத்தில்தான் வருகிறது. மலையிலோ ஒவ்வொரு வளைவிலும் வருகிறது.

ஆதலின் ஹேண்டில்பாரில் எவ்வளவு சிறிய மாற்றம் செய்தாலும், வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு, இடக்கோடி வலக்கோடி இரண்டுக்கும் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். என்ஜினின் ஒலி மாறவே கூடாது. மாறினால் அந்த வண்டி மலையேறத் தகுதியற்றது. இதற்கு மெக்கானிக் வேண்டியதில்லை, காது போதும்.

இனிக் கைக்கு வருவோம். ஆசிரியரிடம் நாம் கேட்ட முதல் வினா, "எந்த விரல்கள் மரத்துப்போகின்றன?" என்பது. அவர் சற்று வியப்புடன், "கைதான் மரக்கிறது" என்றார். கண்ணை மூடி எண்ணிப் பார்க்கச் சொன்னோம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றார். சுண்டுவிரலில் ஒன்றும் இல்லை.

இது சிறிய செய்தி அன்று. நம் கைக்கு வரும் நரம்புகளுள் ஒன்று மணிக்கட்டின் நடுவே, எலும்புகளாலும் ஒரு தடித்த நாராலும் ஆகிய குறுகிய சுரங்கம் போன்ற வழியில், விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களோடு நெருக்கிக்கொண்டு நுழைகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவற்றின் உணர்ச்சி அதன் பொறுப்பு. மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்தபடி நெடுநேரம் வைத்திருந்தாலும், இறுக்கிப் பிடித்தாலும், அதிர்வு தொடர்ந்து தாக்கினாலும் அந்தச் சுரங்கத்தில் நெருக்கடி மிகுகிறது. இரவில் கையை உதறிக்கொண்டு எழுவது இந்நோய்க்கே உரிய அடையாளம் என்பர் மருத்துவர். சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் மறுபாதிக்கும் வேறொரு நரம்பு. அது உள்ளங்கையின் வெளிப்புறத்து மேட்டின் அடியில் ஓடுகிறது. உடலின் பாரத்தை அந்த மேட்டில் ஊன்றிக்கொண்டு ஓட்டுபவர்க்கு அது நசுங்கிச் சுண்டுவிரல் மரக்கும்.

எனவே சுண்டுவிரல் மரத்தால், நாம் கையின்மேல் சாய்ந்து ஓட்டுகிறோம் என்று ஐயுற வேண்டும். அங்கே ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துவதோ பின்னுக்குக் கொணர்வதோ பயன் தரலாம். கட்டைவிரல் பக்கம் மரத்தால், மணிக்கட்டு வளைந்திருக்கிறதா, பிடி இறுகியிருக்கிறதா, வண்டி அதிர்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உயர்த்துவதால் மட்டும் அது தீராது. நம் ஆசிரியர் இரண்டாம் வகை நோய்க்கு முதல் வகை மருந்தை உண்டிருக்கிறார்.

இதற்குமுன் மருத்துவரைப் பார்த்தீர்களா என்று கேட்டோம். பார்க்கவில்லை. நீரிழிவும் தைராய்டு குறைபாடும் இதே மரப்பைத் தரக்கூடும். அப்படியானால் எந்த மெக்கானிக்கும் உதவ முடியாது. அடுத்த வாரமே செல்வதாக மனைவியின் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். (மனைவியின் முன்னிலையில் என்பதை வேண்டுமென்றே எழுதுகிறோம்.)

பின்னர் மூவருமாக ஒரு மெக்கானிக்கிடம் சென்றோம். ஐம்பதைக் கடந்தவர், பேச்சுக் குறைவு. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, "சார், ஏறி உட்காருங்க. கண்ணை மூடிக்கோங்க. தோளைத் தளர விட்டு, கையைத் தானா நீட்டுங்க" என்றார். ஆசிரியர் நீட்டிய கைகள் ஹேண்டில்பாருக்கு இரண்டு விரல் அகலம் இப்பால் வந்து நின்றன. அடுத்து, கிளட்ச் லீவரிலும் பிரேக் லீவரிலும் விரல்களை வைக்கச் சொல்லி, பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். நம்மையும் பார்க்கச் சொன்னார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கோடு கீழ்நோக்கி வந்தது. மணிக்கட்டில் ஒடிந்து விரல்கள் மேல்நோக்கிச் சென்றன. லீவர்கள் தரைக்கு மட்டமாக, சற்று மேல்நோக்கியே இருந்தன. பழைய ஹேண்டில்பாரைத் திரும்ப மாட்டியபோது யாரோ அப்படி முடுக்கிவிட்டார்கள். நாளொன்றுக்கு மலைப்பாதையில் எத்தனை நூறு தடவை கிளட்ச் பிடிக்க வேண்டும்! அத்தனை தடவையும் அந்த ஒடிந்த மணிக்கட்டோடு பிடித்திருக்கிறார்.

பத்தாம் எண் ஸ்பானரால் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, லீவர்களைக் கீழ்நோக்கிச் சுழற்றினார். முழங்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வந்தன. பின்னர் ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் மேல் கவ்விகளைத் தளர்த்தி, அதைச் சிறிதளவு தம் பக்கம் திருப்பி முடுக்கினார். அவ்வளவே. புதுப்பொருள் ஒன்றும் வாங்காமல், கால் மணி நேரத்தில் முடிந்த வேலை.

ஆயினும் அவர் அத்துடன் விடவில்லை. என்ஜினை ஓடவிட்டு ஹேண்டில்பாரின் இரு முனைகளையும் தொட்டுப் பார்த்தார். வலமுனையில் இருந்த எடைக்கட்டி இல்லை. மண்மேட்டில் முட்டிய அன்று உதிர்ந்திருக்க வேண்டும். முனைகளில் உள்ள அந்த இரும்புக் கட்டிகளைப் பலர் அழகுக்கென்று எண்ணுகின்றனர். ஒவ்வொரு குழாய்க்கும் தனக்கென ஓர் அதிர்வு வேகம் உண்டு. என்ஜினின் துடிப்பு அந்த வேகத்தோடு ஒத்துப்போனால் குழாய் வீணைத் தந்திபோல் அதிரும். முனையில் பாரம் கூடினால் அதன் இயல்பான அதிர்வு வேகம் குறைந்து, நாம் வழக்கமாக ஓட்டும் வேகத்தில் என்ஜினோடு ஒத்துப்போகாமல் விலகிவிடும். சில ஊர்களில் குழாய்க்குள் ஆற்று மணலைக் கொட்டி அடைப்பார்கள். அதிர்வு குறையத்தான் செய்யும். ஆனால் ஈரமணல் உள்ளிருந்தே இரும்பைத் தின்னும். வெளியே பளபளப்பு, உள்ளே துரு. நாம் அதை ஒப்பவில்லை.

அதன்பின் அவர் குனிந்து என்ஜினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகளைச் சோதித்தார். ஒன்று கையாலேயே சுழன்றது. நமக்கு வெட்கமாக இருந்தது. கையில் வந்த நோய்க்குக் கைப்பிடியிலேயே காரணம் தேடிக்கொண்டிருந்தோமே! முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரின் கழுத்திலுள்ள கோன் செட்டையும் ஆட்டிப் பார்த்தார். அது நன்றாக இருந்தது. தேய்ந்திருந்தால் சாலையின் ஒவ்வொரு பள்ளமும் நேரே மணிக்கட்டில் வந்து இடிக்கும்.

கிரிப் பற்றியும் ஒரு சொல். பழைய ரப்பர் கல்லாய் இறுகியிருந்தது, மாற்றினார். மிகத் தடித்த, பஞ்சுபோன்ற கிரிப்புகளைக் கடைகளில் விற்கிறார்கள். தொட்டால் இதமாகத்தான் இருக்கும். ஆனால் கை சிறியவர்கட்குத் தடித்த பிடியைப் பற்ற அதிக வலிமை வேண்டும். இறுக்கிப் பிடிப்பதே நோய்க்கு வித்து என்பதை மேலே கண்டோம். மலைமேல் பனிக்காலத்துக் காலைக் குளிரில் விரல்கள் இன்னும் விரைவில் மரக்கும். ஒரு நல்ல கையுறை அங்கே எந்தக் கிரிப்பையும்விடப் பயன் தரும்.

ஹேண்டில்பாரை உயர்த்துவதும் தாழ்த்துவதும் இன்று தோன்றிய வழக்கம் அன்று. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனத்தோடு சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளை உருவாக்கத் தொடங்கிய காலத்திலும், 1961-ல் மைசூரிலிருந்து ஜாவா வண்டிகள் வெளிவந்த காலத்திலும், ஓட்டுபவர் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கை சற்று மடங்க, தோளுக்குக் கீழே கைவைத்து ஓட்டும்படிதான் அவை அமைந்திருந்தன. நம் சாலைகளுக்கும் நம் வேகத்துக்கும் அதுவே பொருந்தியது. அந்தக் கால புல்லட்டின் ஒற்றைச் சிலிண்டர் கையை நடுங்கவைத்ததை ஓட்டியவர்கள் அறிவர். 2020-ல் மீட்டியார் 350 வண்டியோடு வந்த புதிய என்ஜினில், அந்த நடுக்கத்தை எதிர்நடுக்கத்தால் தணிக்கும் தண்டு ஒன்றை என்ஜினுக்குள்ளேயே வைத்துவிட்டனர். கைப்பிடிக்கு வந்த பிறகு அதிர்வை அடக்குவதைவிடப் பிறக்கும் இடத்திலேயே அடக்குவது மேல் என்பதைத் தொழிற்சாலையும் உணர்ந்திருக்கிறது.

இளைஞர்களுக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, தோளுக்குமேல் கை நிற்கும்படி ஹேண்டில்பாரை வானளாவ உயர்த்துவது, அமெரிக்க வழக்கம். அங்கே இதனைக் குரங்கு தொங்கும் கிளைக்கு ஒப்பிட்டுப் பெயரிட்டிருக்கிறார்கள்; பெயரிட்டவரைப் பாராட்டுகிறோம். கை நெஞ்சுக்கு மேல் நின்றால் தோள் சோரும், விரல்களில் குருதியோட்டம் குறையும். மற்றொன்று, பந்தய வண்டிபோல் தாழ்த்திப் பொருத்துவது. ஒரு காலத்தில் சோழவரத்திலும் பின்னர் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயம் ஓட்டியவர்கள் வண்டியின்மேல் கவிழ்ந்து படுத்து ஓட்டியது உண்மையே. ஆனால் அந்த வேகத்தில் எதிர்க்காற்று அவர்கள் மார்பைத் தாங்குகிறது. கைக்குப் பாரம் இல்லை. ஜவ்வாது மலையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏறுபவரை எந்தக் காற்று தாங்கும்? முழுப் பாரமும் மணிக்கட்டில்தான்.

மெய்யாகவே உயர்த்த வேண்டிய தேவை உள்ளவர்களும் இருக்கிறார்கள். நெடிய உடல்வாகு உள்ளவர்களும், முதுகு வலி உள்ளவர்களும் அத்தகையோர். அவர்கள் அந்தந்த வண்டிக்கென்றே வண்டி நிறுவனம் விற்கும் உயர்த்திக் கட்டைகளை வாங்குவது நன்று. இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்வே பெரும்பாலோர்க்குப் போதும். போல்ட்டும் அதற்கேற்ப நீளமாக இருக்க வேண்டும். இரண்டு புரி மட்டும் பிடித்து நிற்கும் போல்ட்டை நம்பி மலையேறலாகாது. பற்றவைப்பதும், வளைந்ததை அடித்து நிமிர்த்துவதும் வேண்டவே வேண்டாம். ஒருமுறை வளைந்த குழாயில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கக்கூடும்.

சட்டத்தையும் நினைவிற் கொள்ள வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் வகுத்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 சனவரியில் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். லீவரைச் சுழற்றுவதும் கிரிப்பை மாற்றுவதும் இதில் சேரா. பட்டறையில் பற்றவைத்து உயர்த்துவது சேரக்கூடும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் கேள்விகளுக்கும் விடை வேண்டும் அன்றோ?

அன்று மாலை ஆசிரியரின் பின்னே இன்னொரு வண்டியில் நாமும் மலையேறி இறங்கினோம். ஏறும்போது குறை ஒன்றும் காணவில்லை. இறங்கும்போது கண்டோம். அவர் உடல் முன்னுக்குச் சரிந்து, டாங்கில் முட்டி, கைகள் இரண்டும் தூண்போல் விறைத்து நின்றன. இறக்கத்தில் இது இயல்பு. பின்னால் ஒருவர் அமர்ந்திருந்தால் அவர் பாரமும் சேர்ந்து தள்ளும். இதற்கு ஹேண்டில்பாரில் மருந்து இல்லை. முழங்கால்களால் டாங்கை அணைத்துப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் கியரில் என்ஜினே வண்டியை அடக்கும்படி விட்டால் கைக்கு ஓய்வு கிடைக்கும். கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் பிடிக்க வேண்டும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். இறுக்கினால் சாகும், விட்டால் ஓடும். சீட்டின் முன்பகுதிப் பஞ்சு அமுங்கிப் பள்ளமாகி இருந்ததும் சரிவுக்கு ஒரு காரணம். அதையும் மாற்றச் சொல்லியிருக்கிறோம்.

வழியில் மற்றொன்றும் கண்டோம். ஹேண்டில்பாரின் இருபுறமும் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்குவோர் பலர். சாமை ஒருபுறம், புளி ஒருபுறம்; பலாக்காலத்தில் பழமே தொங்கும். ஹேண்டில்பார் திரும்பும்போது அந்தப் பாரமும் ஊசலாடி, கையை எதிர்த்து இழுக்கும். அதை அடக்கவே மேலும் இறுக்கிப் பிடிக்கிறார்கள். பின்புறக் கம்பித்தட்டில் கட்டினால் கைக்கும் நலம், வளைவுக்கும் நலம்.

சென்ற வாரம் அம்மையாரிடமிருந்து இரண்டாம் மடல் வந்தது. மருத்துவர் சர்க்கரையைச் சோதித்து இல்லை என்றாராம். நரம்பைச் சோதித்துத் தொடக்கநிலை அழுத்தம் என்று சொல்லி, இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். இரவில் எழுவது நின்றுவிட்டது. கட்டைவிரலில் காலைக் குறுகுறுப்பு இன்னும் இருக்கிறது. பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறார். மேல் பொத்தானைத் தவிர. மாறுதல் விண்ணப்பம் எழுதி மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கிழிக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை.

மடலின் கடைசி வரியில் ஒரு புதிய வினா. செவிலியர் பயிற்சி முடித்த அவர்கள் மகள், விடுமுறை நாள்களில் அதே வண்டியை எடுத்துக்கொண்டு போகிறாளாம். தந்தைக்குப் பொருந்தும்படி சுழற்றிய பிரேக் லீவர் அவள் விரலுக்கு எட்டவில்லை. தொலைவைக் கூட்டவும் குறைக்கவும் சிறு திருகு உள்ள லீவர்கள் சில வண்டிகளுக்குக் கிடைக்கின்றன. அந்த மெக்கானிக்கிடம் கேட்டுப் பார்க்கும்படியும், அதுவரை அவள் அந்த வண்டியை மலைப்பக்கம் எடுத்துச் செல்ல வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறோம்.